கியூபிடோ சங்கத்துக்கு ராணி இல்லை

ஹாலெவெல்ட்,
8 மே 1977

அன்பும் மரியாதையும் மிக்க சுல்மாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். கோபன்ஹேகனிலிருந்து நீங்கள் அனுப்பிய தபால் அட்டை கிடைத்தது. ஒரு பக்கம் முழுக்கப் படம், மறுபக்கத்தில் பாதி என் விலாசம், மிச்ச இடத்தில் மூன்றே வரி. அதிலும் இரண்டு வரி உங்கள் வீட்டுக் கூரையைப் பற்றி. கூரை நன்றாக இருக்கிறது. உங்களை ரொம்பவும் விசாரித்தது.

முதலில் வீடு விற்கும் சமாசாரம். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு நீங்கள் மகள் வீட்டுக்குப் போன நாளிலிருந்து, வருகிறவர்களுக்கெல்லாம் நாணயமாகத்தான் காட்டிக்கொண்டிருக்கிறேன். புரூஜிலிருந்து ஒரு பல் வைத்தியர் வந்தார். நல்ல மனிதர். இப்படிப்பட்டவரிடம் எதையும் மறைப்பது பாவம் என்று, தெற்குக் காற்று அடித்தால் பன்றிப் பண்ணை வாசம் படுக்கையறை வரைக்கும் வரும் என்பதைச் சொன்னேன். தெற்குக் காற்று எப்போதெல்லாம் அடிக்கும் என்று கேட்டார். நன்றாக யோசித்து, வடக்குக் காற்று அடிக்காத நாளெல்லாம் என்றேன். அதன் பிறகு அவரைக் காணோம்.

போன வாரம் பிரசல்ஸிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். வார விடுமுறைக்கு ஒரு கிராமத்து வீடு வேண்டுமாம். பன்றி வாசனைக்கு அசரவில்லை. சரி என்று, எதிரே, காபியும் பீரும் விற்கிற என் கடைப் பக்கத்தில் நிற்கிற, உச்சியில் மரப் பறவை செருகிய வில்லுக் கம்பத்தைக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் அண்ணாந்து எய்கிற அம்பெல்லாம் இந்தத் தோட்டத்தில்தான் வந்து விழும், மொட்டை முனைதான் என்றாலும் மண்டையில் விழுந்தால் மண்டைதான் என்றேன். அந்த அம்மாள் கைகளைச் சேர்த்துக்கொண்டு, "ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு!" என்றாள். தலைநகரத்துக்காரர்களை எதைச் சொல்லி பயமுறுத்துவது என்றே தெரியவில்லை. (பயமுறுத்துவது என்று எழுதிவிட்டேன். எச்சரிப்பது என்று படித்துக்கொள்ளவும்.)

இனி ஊர் வம்பு. கூட உட்கார்ந்து திட்ட ஆள் இல்லாததால் உங்களுக்கு எழுதித் திட்டுகிறேன். புது வருஷத்திலிருந்து அரசாங்கம் நம் ஊரைப் பக்கத்து ஊர் ஸ்டீன்கெமோடு சேர்த்துவிட்டது அல்லவா? ஊர்ப் பலகையைப் பிடுங்கினார்கள், பொறுத்துக்கொண்டோம். இரண்டு கோயில் தெரு இருக்கக் கூடாதாம், நம்முடையதைப் பெயர் மாற்றினார்கள், அதையும் பொறுத்துக்கொண்டோம். இப்போது கண் சங்கங்கள் மீது விழுந்திருக்கிறது. ஒரு நகராட்சிக்கு ஒரு வில்லாளர் சங்கம் போதும் என்று மேயர் முடிவு கட்டிவிட்டார். அவர்களுடையது புனித செபஸ்தியார் சங்கம், நம்முடையது கியூபிடோ. எந்தப் பெயர் நிற்பது? நீங்களே சொல்லுங்கள். உடம்பெல்லாம் அம்பு வாங்கியவரை அம்பு எய்கிறவர்களுக்குக் காவல் வைத்திருப்பது பொருத்தமா, அம்பு எய்கிற காதல் சாமியையே வைத்திருப்பது பொருத்தமா?

இரண்டு சங்கத்தையும் கூட்டி என் கடையில் ஒரு பஞ்சாயத்து நடந்தது. ஸ்டீன்கெம் சங்கத் தலைவன் ரெமியை உங்களுக்குத் தெரியும், மாட்டு வியாபாரி, ஆளை முதலில் பல்லைப் பார்த்துத்தான் பேசுவான். அவன் ஆரம்பித்தான். "எங்காளு ஒரு புனிதரு. உங்காளு யாரு? அரையில ஒரு துணி இல்லாத பய." நம் கசாப்புக்கடைக் கமீல் மேசையைத் தட்டினான். "யோவ், போய்க் கொடியப் பாருய்யா! கால்சட்டை போட்டுத்தான் பறக்குறான். சுல்மாக்கா தச்சுக் குடுத்தது!" அது உண்மை. ஆனால் பழைய பங்குச் சாமியாருக்குப் பயந்து நீங்கள் தைத்த அந்தக் கால்சட்டை ஒரு பக்கம் இறங்கி நிற்பதால், பையன் முன்னைவிட மோசமாகத் தெரிகிறான் என்பதும் உண்மை.

இப்போதைய சாமியார் லத்தீனோடு வந்திருந்தார். கியூபிடோ என்றால் லத்தீனில் ஆசை என்று அர்த்தமாம். "ஆசைன்னு பேர எழுதிக்கிட்டு, அந்தக் கொடியக் கோயிலுக்குள்ள தூக்கிட்டு வருவீங்களாக்கும்?" என்றார். கமீல் சும்மா இருப்பானா? "ஆசை இல்லாமயா சாமி இந்த ஊரு நெறஞ்சிருக்கு? ஞானஸ்நானத்துக்கு நீங்கதான தண்ணி ஊத்துறீங்க!" என்றான். சாமியார் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்.

அதோடு முடிந்திருக்கும். நம் பள்ளிக்கூட மாஸ்டர் நெஸ்டோர் எழுந்தார். அவர் எழுந்தால் நான் ஒரு சுற்று பீர் ஊற்றி முடித்துவிடலாம். இந்தப் பையன் ரோமாபுரியிலிருந்து கால்நடையாகக் கிளம்பினவன், போன இடமெல்லாம் அவன் பெயரை வெட்டியும் ஒட்டியும் வைத்துக்கொண்டார்கள் என்றார். பிரெஞ்சுக்காரர் மூக்கால் கியூபிடோன் என்கிறார்கள், இங்கிலீஷ்காரர் வாலை நறுக்கிக் கியூபிட் என்கிறார்கள், போலந்துக்காரர் கியூபிதின் என்கிறார்கள், ஜெர்மானியர் அவனுடைய இன்னொரு லத்தீன் பெயரைப் பிடித்துக்கொண்டு அமோர் என்கிறார்கள், ஐரோப்பாவே தலையில் வைத்திருக்கிற பெயரை ஒரு மேயர் அழிப்பதா என்று கேட்டார். ரெமி உட்கார்ந்த இடத்திலிருந்தே, "ஐரோப்பா பூரா சுத்துனவன் எங்கியாச்சும் வரி கட்டுனானா வாத்தியாரே?" என்றான். ஊரே சிரித்தது. நம் ஆட்களும் சிரித்தார்கள், துரோகிகள்.

கடைசியில் மேயர் தீர்ப்பு. இந்த வருஷம் தங்கள் சங்கப் போட்டியில் பறவையை வீழ்த்தி ராஜா ஆகிற இரண்டு பேரும் செப்டம்பர் திருவிழாவில் ஒரே கம்பத்தில் எய்ய வேண்டும். உச்சிப் பறவையை எவன் வீழ்த்துகிறானோ அவன் சங்கத்துப் பெயர் நிற்கும். இரு ஊருக்கும் பொதுவான பழைய வழக்கம் மாறாது. முதல் அம்பை ராணி தன் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும், ராணி இல்லாத ராஜா வில்லைத் தொடக் கூடாது. இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜெரார்ட் இருந்தவரைக்கும் புருஷனுக்கு எத்தனை தடவை எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

நம் பக்கத்து ராஜா யார் என்பது ஜூன் மாதப் போட்டியில் தெரியும். கமீலாக இருக்கலாம். நானாக இருக்க முடியாது. இத்தனை வருஷத்தில் என் அம்பு உச்சிப் பறவையைத் தொட்டதே இல்லை. ஒரு முறை கமீலின் தொப்பியைத் தொட்டிருக்கிறது. காதல் சாமியின் பெயரில் சங்கம் நடத்திக்கொண்டு, ஐம்பத்து மூன்று வயதில் தனியாக முட்டை பொரித்துச் சாப்பிடுகிற காரியதரிசியிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

மகளுக்கும் மருமகன் டோர்பெனுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
ஓமேர்,
காரியதரிசி, கியூபிடோ வில்லாளர் சங்கம்


ஹாலெவெல்ட்,
3 ஜூலை 1977

அன்புள்ள சுல்மாவுக்கு,

எரிச்சலில் எழுதுகிறேன், எழுத்து சாய்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ராஜா ஆகிவிட்டேன்.

சிரித்து முடித்துவிட்டீர்களா? மேலே படியுங்கள். போட்டியன்று காலையிலிருந்து மழை. பறவை தண்ணீர் குடித்து ஊறி, கம்பியில் சிக்கிக்கொண்டு அசையவே இல்லை. கமீல் அடித்தான், மாஸ்டர் அடித்தார், எல்லாரும் அடித்தார்கள். கடைசியில் காரியதரிசி முறைக்காக நான் போய் நின்றேன். மேலே பார்த்ததும் கண்ணுக்குள் மழை. கண்ணை மூடிக்கொண்டு, கை வலிக்கிறதே என்று நாணை விட்டேன். டொக் என்று ஒரு சத்தம். பறவை வந்து என் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. கமீல்தான் முதலில் வாயைத் திறந்தான். "கண்ண மூடிக்கிட்டு எய்யுறது நம்ம காதல் சாமி ஒருத்தன்தான்னு நெனச்சேன். அண்ணனும் சேந்துட்டாரு!"

வெள்ளிப் பட்டயங்கள் கோத்த மாலையைக் கழுத்தில் போட்டார்கள். இந்தக் கனத்தை ஜெரார்ட் எப்படித்தான் சுமந்தானோ! பீப்பாயை உருட்டி வந்தார்கள். அங்கேதான் வினை. கல்யாணமாகாத ராஜா ராணியின் பெயரைச் சொன்ன பிறகுதான் பீப்பாயைத் திறக்க வேண்டும். நம் சங்கத்தில் யாருக்கும் இது நினைவில்லை, ஏனென்றால் கல்யாணமாகாத எவனும் இதுவரை பறவையை வீழ்த்தியதில்லை. மாஸ்டருக்குத்தான் நினைவிருந்தது. அவருக்கு எப்போதும் இப்படி வேண்டாத நேரத்தில்தான் நினைவு வரும்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தபாலாபீஸ் இர்மா தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். மேயரின் தங்கை தொண்டையைக் கனைத்தாள். "யாரு பேரயாச்சும் சொல்லித் தொலைங்கண்ணே, நாக்கு ஒட்டிக்கிட்டுக் கெடக்கு!" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம். கமீல் காதோரம் வந்து, "சும்மா ஒரு பேருதானண்ணே, கட்டிக்கவா சொல்றோம்?" என்றான். அதில்தான் எனக்குக் கோபம் வந்தது. சும்மா ஒரு பெயராம்! ஒரு பெயர் வாய் வரைக்கும் வந்தது, பல் விடவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். ஈரத்தில் நின்றவர்களெல்லாம் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன்.

அந்த நாளை இன்னும் வரவில்லை. பீப்பாய் கடை நடுவில் கிடக்கிறது. என் கடை, என் பீப்பாய், என் பீர், நானே ஒரு கிளாஸ் ஊற்றிக் குடிக்க முடியாது. நம் ஆட்கள் ரோஷத்தில் ஸ்டீன்கெமுக்குப் போய்க் குடிக்கிறார்கள். அங்கே ரெமி அவர்களை உபசரித்து உட்காரவைத்து, "காதல் சாமி கட்சிக்காரனுக்கு ஒரு பொம்பளப் பேரு வாயில வரலியாமே! எங்க செபஸ்தியாரு உடம்பு பூரா அம்போட நின்னாலும் பேசுனாருய்யா!" என்கிறானாம். இதை என்னிடம் வந்து சொல்வதும் நம் ஆட்கள்தான். சொல்லிவிட்டுக் காசு கொடுக்காமல் காபி குடிக்கிறார்கள்.

உங்கள் அட்டை வந்தது. அங்கே பூங்காவில் நம் பையன் சிலையாக நிற்கிறான், அமோர் என்றுதான் அங்கேயும் சொல்கிறார்கள், கால்சட்டை இல்லாமலேயே மழையில் நிற்கிறான், ஒரு சாமியாரும் கவலைப்படவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஜெரார்ட் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான் என்றும் எழுதியிருந்தீர்கள். சிரித்திருப்பான்தான். அவன் ராஜாவாகவும் நீங்கள் ராணியாகவும் நின்ற வருஷங்களில் பீப்பாயை உருட்டி வந்தவன் நான். சந்தோஷமாகத்தான் உருட்டினேன். அவனைப் போல ஒரு நண்பன் எனக்கு இனி கிடைக்கப் போவதில்லை. இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுதினதை அடித்தால் தாள் அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும்.

பிரசல்ஸ் தம்பதி மறுபடி வந்தார்கள், இந்த முறை அளக்கும் நாடாவோடு. அந்த அம்மாள் உங்கள் சமையலறையில் நின்று, நடுச்சுவரை இடித்துவிடலாம் என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடித்தால் கூரை விழும் என்றேன். விழாது என்று அவள் புருஷன் சொன்னான். அவன் கட்டட இன்ஜினியராம். என் அதிர்ஷ்டத்தைப் பார்த்தீர்களா?

அங்கிருந்து இங்கே வர ரயில் எப்படி? ரயிலே கப்பலுக்குள் ஏறிக் கடலைத் தாண்டுமாமே, நிஜமா? சும்மாதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஓமேர்,
காரியதரிசி (மற்றும் ராஜா), கியூபிடோ வில்லாளர் சங்கம்


ஹாலெவெல்ட்,
21 ஆகஸ்ட் 1977

அன்புள்ள சுல்மாவுக்கு,

உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், இனி எனக்குத் தபால் அட்டையில் எழுதாதீர்கள். உறையில் போடுங்கள்.

"வீட்டைப் பிரசல்ஸ்காரர்களுக்கே கொடுத்துவிடலாம். ராணி என்று யார் பெயரைச் சொல்லப் போகிறீர்கள்?" இதுதான் நீங்கள் எழுதியது. இதைத் தபாலாபீஸில் இர்மா படித்துவிட்டாள். தபால்காரன் படித்தான். அவன் வழியில் கமீல் கடையில் கால் மணி நேரம் நின்றான். அட்டை என் கைக்கு வரும்போது அதில் தொத்திறைச்சி வாசனை. தபால்காரன் கொடுத்துவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்றான். "என்ன பதில் எழுதப் போறீங்கண்ணே?" என்றான். போய்யா வேலையைப் பார்த்துக்கொண்டு என்றேன். "இதுவும் வேலதானண்ணே, பதிலையும் நான்தான எடுத்துட்டுப் போகணும்," என்கிறான்.

சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது எழுதி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்வது மேல்.

மாதா விண்ணேற்பு நாள் அன்று பூசை முடிந்து எல்லாரும் கடையில் இருந்தார்கள். ரெமி ஸ்டீன்கெமிலிருந்து மெனக்கெட்டு வந்திருந்தான், நம் சாமியாரையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு. திருவிழாவுக்கு இன்னும் ராணி இல்லை, ராணி இல்லாத ராஜா எய்ய முடியாது, ஆகவே இப்போதே கொடியை இறக்கிவிட்டால் எல்லாருக்கும் அலைச்சல் மிச்சம் என்றான். நான் தட்டு நிறைய கிளாஸ்களோடு நின்றுகொண்டிருந்தேன். அவன் அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். "விடுங்கப்பா, பாவம். அந்தாளு வாழ்க்கையில ஒருத்திய நெனச்சிருந்தாத்தான பேரு வாயில வரும்!" என்றான்.

சுல்மா, என்றேன்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் கடைசி மேசை வரைக்கும் கேட்டுவிட்டது. கமீல், "எந்த சுல்மா?" என்றான், ஊரில் ஒரே ஒரு சுல்மாதான் என்றாலும். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரெமி விடவில்லை. "அவங்க டென்மார்க்குல இல்ல இருக்காங்க? கடலத் தாண்டி வந்து உனக்கு அம்பு எடுத்துக் குடுக்கப் போறாங்களா?" என்றான். அப்போது யார் பேசினது தெரியுமா? சாமியார்! "ஆசைக்குக் கடல் என்ன கணக்குங்க," என்றார். சொல்லிவிட்டு முதல் கிளாஸை அவரே நீட்டினார்.

அவ்வளவுதான், பீப்பாய் திறந்துகொண்டது. குடித்தார்கள், பாடினார்கள், உங்கள் பெயரைச் சொல்லி வாழ்த்தினார்கள். கமீல் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான், என் சட்டையெல்லாம் அவன் பீர். எல்லாருக்கும் சந்தோஷம். ஒருவனுக்காவது தோன்றியதா, ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று, சம்பந்தப்பட்டவரிடம் இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று? எனக்குத் தோன்றியது. அன்றிலிருந்து பொரிக்கிற முட்டையெல்லாம் பூனைக்குத்தான்.

அடுத்தது வீடு. பிரசல்ஸ்காரர்கள் பத்திரத்தைத் தபாலில் அனுப்பினால் நீங்கள் கையெழுத்துப் போட்டுத் திருப்பிவிடலாம் என்றார்கள். நோட்டரியிடம் நான்தான் போய், இப்படிப்பட்ட கையெழுத்தை நேரில் வந்துதான் போட வேண்டும் என்று அடித்துச் சொன்னேன். திருவிழா முடிந்த திங்கட்கிழமை என்று நாளும் நானேதான் குறிக்கச் சொன்னேன். கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு சைக்கிளில் பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. இந்த வீடு விலை போனால்தான் நீங்கள் வருவீர்கள். விலை போய்விட்டால் அப்புறம் எதற்கு வருவீர்கள்? இந்தக் கணக்கை மாஸ்டரிடம் கேட்கலாம் என்றால், அவர் ரோமாபுரியிலிருந்து ஆரம்பிப்பார்.

நான் ஜெயிப்பேன் என்று நம்பி வர வேண்டாம். அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டீன்கெம் ராஜா கண்ணைத் திறந்துகொண்டு எய்கிறவன், கல்யாணமானவன், அவனுடைய ராணி இப்போதே கவுன் தைத்துவிட்டாளாம். தினமும் சாயங்காலம் கமீல் என்னைக் கம்பத்தடியில் நிறுத்திப் பழக்குகிறான். "அண்ணே, கண்ணத் தொறங்க. தொறந்தாச்சா? சரி, மூடிக்குங்க, அதுவே மேல்!" என்கிறான். மேலிருந்து விழுகிற என் அம்புக்குப் பயந்து என் வீட்டுப் பூனையே இப்போது தாழ்வாரத்தில்தான் உட்காருகிறது. ஹாலெவெல்டின் மானம், மூன்று தலைமுறைச் சங்கம், கொடி, எல்லாம் என் இரண்டு கைகளில் இருக்கின்றன. உங்களுக்குத் தெரிந்த கைகள்தான். கிளாஸைத் தவிர வேறெதையும் ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாதவை.

ரயில் விசாரித்துவிட்டேன். திருவிழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை கிளம்பினால் ஹாம்பர்க், கொலோன் வழியாகச் சனிக்கிழமை புரூஜ் வந்துவிடலாம். வழியில் மாற வேண்டிய இடங்களைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். மகளிடம் என்ன சொல்வது என்று தயங்கினால், சங்கத்துக்காகப் போகிறேன் என்று சொல்லுங்கள். வேறொன்றும் சொல்ல வேண்டாம். நானும் இங்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரும் நம்பவில்லை.

ஒருவேளை அந்த வண்டி தவறிவிட்டால், அல்லது உங்களுக்கு மனம் ஒப்பாமல் யோசித்துக்கொண்டே இருந்துவிட்டால், பதற வேண்டாம். அடுத்த வண்டியில் வாருங்கள். நீங்கள் வந்து இறங்கும்போது திருவிழா முடிந்திருக்கும். பந்தலைப் பிரித்திருப்பார்கள். கியூபிடோ போய்ச் செபஸ்தியார் பெயர் பலகையில் ஏறியிருக்கும். ராணி என்று ஒருத்தி இந்த ஊரில் யாருக்கும் தேவைப்படாது. அப்போதும் நான் புரூஜ் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருப்பேன். அதற்கடுத்த வண்டிக்கும் நிற்பேன். கடையைக் கமீல் பார்த்துக்கொள்வான்.

கடல் காற்று பொல்லாதது, கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொள்ளுங்கள். உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கக் கடவுள் துணை இருக்கட்டும். எந்தக் கடவுள் என்று நான் எழுதப் போவதில்லை.

இப்படிக்கு,
ஓமேர்